ஒன்பதாம் விதியின் இரண்டாம் வசனம்

மேலுதட்டைப் பிறப்பிடமாகவும், பாரிஸ் லாச்சப்பலை வதிவிடமாகவும் கொண்ட என் மீசை, கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்பாகக் காலமானது. அன்னார் பதினேழு மயிர்களின் பாசமிகு தலைவரும், என் மூக்கின் அன்பு அயலவரும், வருவேன் வருவேன் என்று சொல்லி இன்றுவரை வராத தாடியின் ஆருயிர்ச் சகோதரரும் ஆவார். கொள்கை ஒன்றுக்காக அன்னார் உயிர் நீத்தார். இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள், குறிப்பாக இன்னும் பிறக்காத என் மகன், ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓம் மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்றும் எனக்குத் தெரியாது. மெத்ரோ ரயிலில் எனக்கு எதிரே எத்தனையோ தடவை இருந்து, என்னை ஒருமுறைகூடப் பாராமல் இறங்கிப் போயிருக்கலாம். எனக்கு வயது பதினெட்டும் சில நாட்களும். எங்கள் ஊர் ஒன்றியம் வெளியிடும் ஆண்டு மலரில் 'வளர்ந்த பிள்ளைக்கு ஒரு மடல்' என்று ஒரு பக்கம் ஒதுக்கி, பெற்றோரிடம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ஒருவரும் தரவில்லை. வளர்ந்த பிள்ளைகளோடு பேசவே அவர்களுக்கு நேரமில்லை, எழுதுவது எப்படி? மலரைத் தட்டெழுதுகிறவன் நான்தான் என்பதால், "ஏதாவது போட்டு அந்த இடத்தை நிரப்படா" என்றார்கள். வெற்றிடத்தை நிரப்பும்படி என்னிடம் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ இதைப் படிக்கும்போது உனக்கும் என் வயதாகியிருக்கும். எனக்கு உண்மையாகவே மீசை இருக்கும்.

முதலில் எங்கள் ஒன்றியத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். லாச்சப்பலில் ஓர் ஊருக்கு ஒரு சங்கம்; ஒரு சங்கத்துக்கு ஒரு யாப்பு. யாப்பு என்றதும் செய்யுள் என்று நினைத்து ஓடாதே. எதுகையும் மோனையும் இல்லை. தலைவரும் பொருளாளரும் உண்டு. சங்கத்தின் சட்டப் புத்தகம் அது. எங்கள் யாப்பின் நான்காம் பகுதியில் குற்றங்களும் அவற்றுக்கான தண்டனைகளும் பதினொரு விதிகளாக இருந்தன. பிரான்ஸ் நாட்டுக்கும் ஒரு தண்டனைச் சட்டம் இருக்கிறதுதான், தலையணைத் தடிப்பில். ஆனால் எங்கள் ஆட்களை உள்ளூர நடுங்க வைத்தது எங்கள் பதினொரு விதிகள்தான். பிரெஞ்சுச் சட்டம் உன்னைப் பிடித்து உள்ளே போடும். எங்கள் யாப்பு உன்னை வெளியே போடும். கலியாண வீட்டுக்கு வெளியே, செத்த வீட்டுக்கு வெளியே, 'எப்படி இருக்கிறியள்' என்ற கேள்விக்கு வெளியே. எது பெரிய தண்டனை என்று, சொந்தம் முழுவதையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒன்றரை அறைக்குள் இருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பார்.

அந்த யாப்பை எழுதியவர்கள், நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, ஒரே அறையில் ஒன்றாக இருந்த ஆறு இளைஞர்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், நீல மையில் எழுதி வைத்திருந்தார்கள். எனக்குப் பதினைந்து வயதானபோது, கூட்டம் நடத்த மண்டபம் கேட்டுப் போன இடத்தில் யாப்பின் அச்சுப் பிரதி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தட்டெழுத ஆள் தேடினார்கள். பத்து வயதுவரை வன்னியில் தமிழில் படித்தவன், கணினியில் தமிழ் அடிக்கத் தெரிந்தவன், கூலி கேட்காதவன் என்ற மூன்று தகுதிகளும் ஒரே உடம்பில் இருந்தது லாச்சப்பல் முழுக்க உன் அப்பா ஒருவனுக்குத்தான். கொப்பி என் கைக்கு வந்தது. எட்டு விதிகளை ஒழுங்காக அடித்தேன். ஒன்பதாம் விதியில் இரண்டு வசனங்கள். முதல் வசனம் தெளிவாக இருந்தது. இரண்டாவதின் மேல் யாரோ ஒரு காலத்தில் தேநீரை ஊற்றியிருந்தார்கள். நீல மை கரைந்து ஒரு தீவுபோலப் பரவிக் கிடந்தது. செயலாளர் ரூபன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொதிகள் விநியோகிக்கும் வான் ஓட்டுகிறவர். எப்போதும் இரண்டு வீதிகளுக்கு நடுவில்தான் பேசுவார்.

"அண்ணை, ஒன்பதாம் விதியில ரெண்டாம் வசனம் தேத்தண்ணி ஊத்துப்பட்டுக் கிடக்கு. வாசிக்கேலாது."

"முதல் வசனம் என்ன சொல்லுது?"

"'உறுப்பினர் ஒருவர் இன்னோர் உறுப்பினர் மீது பொலிசில் முறையிடலாகாது.'"

"பிறகென்ன? அதுக்குப் பொருத்தமா ஒரு தண்டனையைப் போட்டு நிரப்பிவிடு. நீ கெட்டிக்காரன்தானே. நான் பிழையான இடத்தில வானை விட்டிட்டு நிக்கிறன், வையடா."

வைத்தேன். நிரப்பினேன். பழைய அரசன் ஒருவன் முரசறைந்து சொல்வதுபோல இருக்கவேண்டும் என்று யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: 'மீறுபவரின் வீட்டு நன்மை தீமை எதிலும் ஏனைய உறுப்பினர்கள் கலந்துகொள்ளலாகாது.' எழுதிவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். கை ருசி கண்டுவிட்டதால், திரும்பிப் போய், கூட்டத்தில் அமைதி காக்கச் சொல்லும் ஆறாம் விதிக்கும் ஒரு வால் ஒட்டினேன்: 'கூட்டத்தின்போது எவருடைய கைத்தொலைபேசி ஒலிக்கிறதோ, அவர் அந்த மணியோசையைத் தம் வாயால் ஒருமுறை பாடிக் காட்டவேண்டும்.' என் திட்டம் எளிமையானது. பொதுக்கூட்டத்தில் வாசிப்பார்கள், சபை சிரிக்கும், ரூபன் அண்ணை என் தலையில் ஒரு குட்டுப் போடுவார், இரண்டையும் எடுத்துவிடுவார்கள். கூட்டத்தில் நடந்தது என்ன தெரியுமா? ரூபன் அண்ணை அச்சுப் பிரதியை உயர்த்திப் பிடித்து, "எல்லாரும் வாசிச்சிருப்பியள்தானே?" என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. ஏகமனதாக நிறைவேறியது. மகனே, என் முதல் அறிவுரையை இங்கே குறித்துக்கொள்: ஏகமனதாக நிறைவேறிய எதையும் நம்பாதே. ஒருவரும் வாசிக்கவில்லை என்பதன் மரியாதையான பெயர்தான் ஏகமனது.

இனி நான் சொல்லப் போவதில் பகிடி குறைவு. பவானி அன்ரியை நீ அறிந்திருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் அக்காவும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது முதல் இரண்டு மாதமும் எங்களைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் அவர். மார்க்ஸ் டோர்மோயில் மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. ஐந்து பேர் நிலத்தில் படுத்தால் நடுவில் நடக்க இடமில்லாத வீடு. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என்னை யாராவது ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இரண்டு பிரெஞ்சு வசனங்களை என் உள்ளங்கையில் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டவர் அவர்தான். கை வியர்த்து ஒரு வசனம் அழிந்துபோனது. மற்றதை வைத்துக்கொண்டு ஒரு கிழமை ஓட்டினேன். அவருடைய கணவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. போன வருடப் பனிக்காலத்தில் அவர் பவானி அன்ரியின் இடது மணிக்கட்டை முறித்தார். முதல் தடவை அல்ல, முறிந்ததுதான் முதல் தடவை. பவானி அன்ரி முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கி, பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போனார். நீதிமன்றம் கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. கணவரின் சகோதரியைக் கட்டிய மைத்துனர் ஒருவர் எங்கள் யாப்பின் அச்சுப் பிரதியோடு நிர்வாக சபைக்கு வந்தார். சபை அந்தப் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தது, அந்த ஒரு விதியை மட்டும் வாசிப்பதற்காக.

பவானி அன்ரியை ஒதுக்கி வைக்கும் நீக்கல் கடிதத்தைத் தட்டெழுதியதும் நான்தான். ரூபன் அண்ணை சொல்லச் சொல்ல அடித்தேன். 'ஒன்பதாம் விதியின் இரண்டாம் வசனத்துக்கு அமைய' என்ற இடத்தில் என் விரல் நின்றது. அப்போது நான் சொல்லியிருக்கலாம். "அண்ணை, உது நான் பகிடிக்குப் போட்டது" என்று ஐந்து சொற்கள். நான் சொல்லவில்லை. ஒரு காரணம் பயம். இன்னொரு காரணம், அது வெறும் காகிதம், யாராவது இதை உண்மையாகவே கடைப்பிடிப்பார்களா என்ற நினைப்பு. மகனே, காகிதத்தில் எழுதியதை எங்கள் ஆட்கள் வாசிக்கமாட்டார்கள், ஆனால் கடைப்பிடிப்பார்கள். இதை நான் பதினேழு வயதில் அறிந்துகொண்டேன். நீ இன்னும் முந்தி அறிந்துகொள்.

கைக்கட்டு அவிழ்ப்பதற்குள் பவானி அன்ரியின் தாயார் ஊரில் இறந்து போனார். அவரால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டைப் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் ஒரு மண்டபம் எடுத்து வைத்தார். எங்கள் வீட்டுக்கும் அறிவித்தல் வந்தது. அன்று காலை அம்மா ஒரே துவாயை மடித்தார், அவிழ்த்தார், மறுபடி மடித்தார். அப்போது அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எத்தினை வயசு?"

"அம்மா, என்னைப் பெத்தது நீங்கள்."

"பதினெட்டு ஆகேல்லைத்தானே. அப்ப நீ உறுப்பினர் இல்லை. யாப்பு உன்னைக் கட்டாது. நீ போ. போய் வயிறு நிறையச் சாப்பிட்டிட்டு வா."

கார் து நோர் நிலையத்தின் நிலக்கீழ் மேடையில் ரயிலுக்கு நின்றபோதுதான் கண்டேன். தூண் ஒன்றின் பக்கத்தில் ஒன்றிய உறுப்பினர் செல்வம் மாமாவின் சின்ன மகன், கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையோடு. அந்தப் பக்கம் இரண்டு சகோதரிகள், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். ஒரு தாயும் இன்னொரு தாயோடு பேசியிருக்கவில்லை. எல்லோரும் தனித்தனியே இருந்து அந்தச் சட்டத்தில் ஒரே ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள். எல்லோரிலும் மூத்தவன் நான், எல்லோரிலும் இளையவளுக்கு ஆறு வயது. மண்டபத்தில் நூறு பேருக்குக் கதிரை போட்டிருந்தது. பவானி அன்ரி வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"பெரியாக்கள் வாகனத்தை விட்டிட்டு வருகினமோ?"

நான் வாய் திறக்கமுன் செல்வம் மாமாவின் மகன் பிரெஞ்சில் சொன்னான், "இல்லை, நாங்கள் மட்டும்தான்." இங்கே பிறந்தவன், எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல அவனுக்குத் தமிழ் போதாது. பவானி அன்ரி கதவை முழுதாகத் திறந்துவிட்டார். பிறகு, "வாங்கோ, வாங்கோ, பசியோட வந்திருப்பியள்" என்று சொல்லி, எங்களை முன் வரிசையில் இருத்தி, தானே பரிமாறினார். "உறைப்புத் தாங்குவியளோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஆறு வயதுக்காரிக்குப் பருப்பும் சோறும் பிசைந்து கொடுத்தார். இடது கை இன்னும் முழுதாக மடங்காததால் கிண்ணத்தை விலாவோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தார். தாயாரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பின்னால் எண்பத்தேழு கதிரைகள் வெறுமையாக இருந்தன. அம்மா சொன்னபடி வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் மூன்று தடவை பாயாசம் வாங்கினேன்.

சாவு நடந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பேசாமல் எழுந்து போய்விடவேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க அங்கே ஒரு பெரியவர்கூட இல்லை. பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவிவிட்டு, ஒவ்வொருவராக அவர் முன்னால் நின்று, வீட்டில் பழக்கியபடி, "போயிட்டு வாறம் அன்ரி" என்றார்கள். என்னோடு சேர்த்துப் பதின்மூன்று தடவை. அதுவரை அழாமல் நின்றவர் ஆறு வயதுக்காரியின் முறை வந்தபோது நிலத்தில் இருந்துவிட்டார். "வாங்கோ அம்மா, கட்டாயம் வாங்கோ" என்றார். நான் வாசலில் நின்றேன். என் வசனம் எப்படி வேலை செய்கிறது என்பதை முழுதாகப் பார்த்தேன்.

அதனால்தான் மகனே, யாப்பின் நான்காம் பகுதியைத் திருத்தி எழுதுவதா இல்லையா என்று கடந்த ஞாயிறு பொதுக்கூட்டம் கூடியபோது, வாக்குரிமை பெற்ற என் முதல் கூட்டத்துக்கு நான் பெரிய மனிதனாகப் போக முடிவு செய்தேன். எழுந்து உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன். பதினேழு மயிரோடு நின்று சொன்னால் யார் மதிப்பார்கள்? அதுதான் மீசை போனது. திருத்தவேண்டும் என்று பேச்சைத் தொடக்கியவர் செல்வம் மாமா.

"என்ரை மூத்தவள் பொலிசில சேந்திட்டாள். எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமையில வீட்டை வந்து என்னோட இருந்து சோறு தின்னுறாள். 'மகள், பக்கத்து வீட்டு ஆள் ராத்திரியில பாட்டுப் போட்டு உயிரை எடுக்கிறான்' எண்டு சொன்னால், அது பொலிசில முறைப்பாடோ, சாப்பாட்டு மேசைக் கதையோ? என்னை நீக்குவியளோ, சோத்தை நிப்பாட்டுவியளோ?"

சபை சிரித்தது. பவானி அன்ரியின் கணவருடைய மைத்துனர் சிரிக்கவில்லை. "எங்கடை பிரச்சினையை எங்களுக்குள்ளை தீர்க்கத்தானே ஒன்றியம்? எல்லாத்துக்கும் வெள்ளைக்காரனிட்டைப் போய் நிண்டால் ஊரின்ரை மானம் என்னாகிறது?" என்றார். பின் வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, மகனே. மானம் என்ற சொல்லுக்குத் தலை தானாக ஆடும், அவ்வளவுதான். அப்போது என் பக்கத்துக் கதிரை காலியானது. அம்மா எழுந்திருந்தார். ஒன்றியக் கூட்டத்தில் அம்மா பேசி நான் கண்டதில்லை.

"பவானியின்ரை கையை முறிச்சதுக்கு யாப்பில ஒரு விதியும் இல்லை. முறிஞ்ச கையோட பொலிசுக்குப் போனதுக்கு இருக்கு. உதுதான் மானமெண்டால் எனக்கு விளங்கேல்லை. நான் முப்பத்தோராம் நாளுக்குப் போகேல்லை. என்ரை பிள்ளையை அனுப்பிப்போட்டு வீட்டுக்குள்ளை இருந்தனான். அவ எங்களுக்குப் படுக்க இடம் தந்தவ. எனக்கு வெக்கமாக் கிடக்கு. இஞ்சை இன்னும் எத்தினை பேர் பிள்ளையளை அனுப்பினவை எண்டு எனக்குத் தெரியும். நான் என்ரை கதையை மட்டும் சொல்லுறன்."

இருந்துவிட்டார். கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றார்கள். தலைவர் கனகு மாமா கையைக் காட்டித் தடுத்தார். யாப்பை எழுதிய ஆறு பேரில் இன்று எங்களோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்று முழங்கால் போன மனிதர். "அழிக்கிறதெண்டால் ஒருக்கால் வாசிச்சுப்போட்டு அழிப்பம்" என்று சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் விதியிலிருந்து உரக்க வாசித்தார். ஆறாம் விதியில், மணியோசையை வாயால் பாடவேண்டும் என்ற இடத்தில், அவர் குரல் தடக்கியது. சபை வெடித்துச் சிரித்தது. செல்வம் மாமா தன் தொலைபேசியின் பாட்டைப் பாடியே காட்டினார். மூன்று வருடமாக நான் காத்திருந்த சிரிப்பு அது, மகனே. நெஞ்சு நிமிர்ந்தது. கனகு மாமா மட்டும் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"கைத்தொலைபேசியோ? அந்தக் காலத்தில நாங்கள் தெருவில ரெலிபோன் கூண்டுக்குள்ளை நிண்டு கதைச்சனாங்கள். இது எங்கடை எழுத்தில்லை."

சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவர் ஒன்பதாம் விதிக்கு வந்தார். முதல் வசனத்தை வாசித்தார். "ஓம். இது நாங்கள் எழுதினது" என்றார். "ஏனெண்டு சொல்லுறன். நாங்கள் எட்டுப் பேர் ஓர் அறையில. ஒருத்தரிட்டையும் விசா இல்லை. ஒருநாள் ரெண்டு பேருக்குள்ளை சண்டை, கை நீட்டிப்போட்டினம். அடி வாங்கினவன் கோவத்தில கூண்டுக்குப் போய்ப் பொலிசைக் கூப்பிட்டான். பொலிஸ் வந்து சண்டையை விசாரிக்கேல்லை, எல்லாரின்ரையும் பத்திரத்தைக் கேட்டது. ஒருத்தனைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். அதுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கூப்பிட்டவன் வெக்கத்தில அறைப் பக்கமே வரேல்லை. அவனையும் நாங்கள் பிறகு காணேல்லை. எட்டுப் பேர் ஆறு பேர் ஆனம். அந்த ஆறு பேரும்தான் எழுதினது." பிறகு இரண்டாம் வசனத்தை வாசித்தார். என் வசனம், அவர் வாயில். "நன்மை தீமையோ?" என்றார். "எங்களுக்கு அப்ப ஆரின்ரை கலியாணம், ஆரின்ரை செத்த வீடு? கலியாணம் கட்ட ஒரு சட்டைகூட இல்லை. கொப்பியைக் கொண்டாங்கோ."

கொப்பி வந்தது. நீலத் தீவை விரலால் தடவினார். வாசிக்கமுடியாது, ஆனால் அவருக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை. "நான் சொல்லச் சொல்ல மற்றவன் எழுதினவன். 'மீறிப் போனவரை விட்டுவிட்டு எவரும் சாப்பிடலாகாது.' உதுதான் வசனம். ஒரு பானைதான் இருந்தது. கூப்பிட்டவனும் எங்கடை பெடியன்தானே, அவனையும் துலைச்சுப்போட்டமே எண்டுதான் எழுதினது. இனி ஒருத்தன் அப்பிடிப் போனால், போய்த் தேடிக் கூட்டிக்கொண்டு வந்து இருத்திப்போட்டுத்தான் பானை திறக்கிறது எண்டு." கண்ணாடியைக் கழற்றினார். "யாப்பிலையும் நீக்கல் கடிதத்திலையும் நானும்தான் கையெழுத்து வைச்சனான், வாசிக்காமல். இப்ப இதை இஞ்சை எழுதினது ஆர்?"

நான் எழுந்தேன், மகனே. "நான்தான்" என்றேன். எட்டு நிமிடம் பேசினேன். பதினைந்து வயதில் செய்த பகிடியையும், பதினேழு வயதில் காத்த மௌனத்தையும், பதின்மூன்று பிள்ளைகளையும், எண்பத்தேழு கதிரைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உருளைக்கிழங்குப் பொரியல் பையைக் கசக்கிக்கொண்டிருந்த சிறுவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். மைத்துனர் தலை குனிந்தார். கனகு மாமா முழங்கால் வலியையும் பாராமல் நடந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். வாக்கெடுப்பில் ஒன்பதாம் விதியின் முதல் வசனம் போனது. இரண்டாவது, கனகு மாமா சொன்ன வடிவில், முதல் வசனத்தின் துணை இல்லாமலே நிற்கும்படி திரும்பி வந்தது: 'எந்த உறுப்பினரையும் விட்டுவிட்டு எவரும் சாப்பிடலாகாது.' "எல்லா நாளுமோ?" என்று யாரோ கேட்டதற்கு, "ஏலுமான நாளெல்லாம்" என்றார் அவர். பவானி அன்ரியின் நீக்கல் ரத்தாகியது. ஆகவே மகனே, பிழை செய்தால் சபை நடுவே எழுந்து நின்று சொல். உன் அப்பாவைப் போல.

இந்த இடத்தில் முடித்துக் கோப்பை மூடினேன். பக்கமும் சரியாக நிரம்பியிருந்தது. பிறகு திறந்தேன்.

நான் எழவில்லை. கூட்டத்தில் வாக்கு விழுந்ததும் விதி மாறியதும் உண்மை. எட்டு நிமிடமும் கட்டிக்கொண்டதும் நான் நிரப்பிய வெற்றிடம். "ஆர் எழுதினது?" என்று கனகு மாமா கேட்டபோது நான் மழித்த உதட்டைக் கையால் மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். பக்கத்தில் அம்மா, சற்று முன் தன் வெட்கத்தை நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டு, கைப்பையைப் பிடித்தபடி இருந்தார். அவருக்கும் தெரியாது. ரூபன் அண்ணை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு எழுந்தார். "நான்தான் அண்ணை. கொப்பியில விளங்காத இடத்தை நிரப்பினது என்ரை பிழை. ஆறாம் விதியும் நான்தான்" என்றார். ஆறாம் விதியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர் பதவியை அங்கேயே விட்டார். என் கை வாக்களிக்க உயர்ந்தது, மற்ற எல்லாக் கைகளோடும். மீசை வீணாகத்தான் செத்தது, மகனே. அதில் மயிர் பதினேழும் இல்லை, பதினொன்று.

புதிய யாப்பைத் தட்டெழுதும் வேலையையும் எனக்கே தந்திருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து உள்ளபடி அடித்திருக்கிறேன். இந்த மலரை நான் தட்டெழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்பது மூன்று வருட அனுபவம். இந்தத் தடவை வாசியுங்கள்: ரூபன் அண்ணை எழுதவில்லை. நான் எழுதினேன். இதை மலரில் படித்து அறியும் நிலைமை பவானி அன்ரிக்கு வரக்கூடாது என்பதால், அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியோடு மார்க்ஸ் டோர்மோயில் மூன்று மாடி ஏறவேண்டும். இரண்டு தடவை கீழ்க் கதவுவரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். கதவைத் திறக்க அழுத்தும் இலக்கம் மறந்துபோனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

நாளைக்கும் போவேன். அவர் கதவைத் திறந்தாரா, என்னைச் சாப்பிடச் சொன்னாரா, போகச் சொன்னாரா என்பதை நீ ஒருநாள் அறிய விரும்பினால் என்னிடம் கேட்காதே. நான் சொன்னால் அது எட்டு நிமிடப் பேச்சாகிவிடும். அவரிடம் போய்க் கேள்.